பூக்கிழங்கு நட ஏற்ற மாதம் எது?



லயத்து வாசலில் பூ வைக்க ஆசைப்பட்டுக் கிழங்கு வாங்கி வருகிறோம். கையில் கிடைத்த அன்றே நட்டுவிடுகிறோம். அதுதான் பிழை. நாங்களும் ஒரு வருஷம் ஜூன் மாத அடைமழையில் நிலச்சம்பங்கி நட்டோம். ஒரு முளைகூட வரவில்லை. தோண்டிப் பார்த்தால் எல்லாம் அழுகிக் கிடந்தது.

நிவித்திகல பக்கம் தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. ஜனவரி, பெப்ரவரியில்தான் மழை குறைவு. ஆகவே,

1. பெப்ரவரியில் மண்ணைக் கொத்தி, மாட்டெரு கலந்து, அரை அடி உயரத்துக்குப் பாத்தி கட்டுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது.

2. மார்ச்சில் மழை விழுந்ததும் 2 அங்குல ஆழத்தில், முளைக்கண் மேலே பார்க்க நடுங்கள். மே மழைக்குள் வேர் பிடித்துவிடும்.

3. கல்வாழை ஈரத்தைத் தாங்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் அதில் தொடங்கலாம்.

நடும் மாதம் வரும்வரை கிழங்கை அடுப்படியில் மட்டும் வைக்காதீர்கள். கார்த்திகைப்பூக் கிழங்கு, சிங்களத்தில் நியங்கலா, பார்க்க வத்தாளங்கிழங்கு மாதிரியே இருக்கும். ஆனால் கடும் விஷம், அவித்தாலும் போகாது. தெரியாமல் அவித்துச் சாப்பிட்டு உயிர்விட்டவர்கள் நம் நாட்டில் உண்டு. வாந்தியும் வயிற்றோட்டமும் சில மணித்தியாலம் கழித்துத்தான் தொடங்கும். அதுவரை பார்த்துக்கொண்டிருக்காமல், மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பூக்கிழங்கைத் தனிப் பையில் கட்டி, பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாமல் உயரத்தில் தொங்கவிடுங்கள். வாசலில் பூவும் பூக்கட்டும், வீட்டில் பிள்ளைகளும் சுகமாக இருக்கட்டும்.