முல்லைத்தீவுக்குப் போகும் தங்கச்சிக்கு

அன்பின் தங்கச்சி,

உம்முடைய ஆய்வுத் திட்டத்தை முழுக்க வாசித்தேன். புதுக்குடியிருப்பிலும் கரைதுறைப்பற்றிலும் போர் விட்டுப்போன மனவடு இன்னும் எவ்வளவு பேரிடம் இருக்கிறது என்று அளக்கப் போகிறீர். செய்யவேண்டிய வேலை. மாதிரி எடுக்கும் முறையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் உம்முடைய கேள்விகள் எல்லாம் போர் முடிந்த 2009 மே மாதத்தோடு நின்றுவிடுகின்றன. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நீர் எடுத்திருக்கும் ஹார்வர்ட் மனவடுக் கேள்விக்கொத்து கம்போடிய, லாவோ, வியட்நாமிய அகதிகளுக்காக அமெரிக்காவில் உருவானது. நல்ல கருவிதான். என்னென்ன அவலங்களைக் கண்டீர்கள் என்று பட்டியலிட்டுக் கேட்கும். பிறகு கெட்ட கனவு, திடுக்கிடல், நித்திரைக் குழப்பம் என்று அறிகுறிகளுக்குப் போகும். 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் நடந்து, 2011இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த கணக்கெடுப்பு உமக்குத் தெரியும். மனவடு நோய்க்குரிய அறிகுறிகள் 7 சதவீதம், பதகளிப்பு 32.6, மனச்சோர்வு 22.2. அப்போதும் இடம்பெயர்ந்தே இருந்தவர்களிடம் மனச்சோர்வு 41.8. இந்தக் கடைசி எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். பட்ட அவலங்களையும் கணக்கில் சேர்த்தபோது இடப்பெயர்வின் தனிப் பங்கு அந்த ஆய்வில் இல்லாமல் போனது. அதையும் சேர்த்து எழுதும். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைபட்டிருந்த சனம் அந்த மாதிரிக்குள் இல்லை என்பதையும் எழுதும்.

அது யுத்தம் ஓய்ந்து சில மாதங்களில் எடுத்த கணக்கு. நீர் போவது பதினைந்து வருடங்களுக்கும் பிறகு. இவ்வளவு காலம் ஆறாமல் கிடப்பதை இன்றைக்கு நடக்கிற ஏதோ ஒன்றும் ஆறவிடாமல் வைத்திருக்கிறது. மில்லரும் ராஸ்முசனும் 2010இல் இதையே வாதிட்டார்கள்: போரில் பட்டதற்கும் இப்போதைய மனநிலைக்கும் நடுவில் அன்றாட நெருக்கடி நிற்கிறது. நம்முடைய பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு ஒன்றும் இருக்கிறது. வடக்கு கிழக்கில் 296 தமிழ் மாணவர்களிடம் கேட்டு 2008இல் வெளியானது. போர் அனுபவம் ஒன்றாவது உள்ளவர்கள் 82.4 சதவீதம், வீட்டுக்குள்ளே அடியோ கொடுமையோ ஒருமுறையாவது பட்டவர்கள் 95.6 சதவீதம். தகப்பனின் குடி கூடக்கூடப் பிள்ளை படும் பாடும் கூடியிருந்தது. போரை மட்டும் கேட்டிருந்தால் இந்த வீடுகள் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஆகவே இன்றைய நாளைக் கேளும். காணி விடுபட்டதா? வீட்டுத்திட்டம் கூரையோடு நிற்கிறதா? நுண்கடன் கட்டுப்பணத்துக்கு ஆள் கிழமைக்குக் கிழமை படலைக்கு வருகிறாரா? ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, கலியாண வீட்டுக்குப் போகிறார்களா? குடும்பமும் ஊருமே காயப்படுகின்றன என்று பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதிவருகிறார். அவருடைய கூட்டு மனவடுக் கட்டுரை 2007இல் வந்தது. தனித்தனி ஆளாக மட்டும் எண்ணினால் அந்தக் காயம் உம்முடைய அட்டவணையில் ஏறாது. இன்னொன்று: மனச்சோர்வு என்று யாரும் வந்து சொல்லமாட்டார்கள். தலையிடி, நாரி நோ, நெஞ்சடைப்பு, ஒரே யோசினை என்பார்கள். உடம்புக் கதையைத் தட்டிக் கழிக்காமல் முதலில் அதைக் கேளும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளுக்குப் போகும்போது கூடுதல் கவனம் வேண்டும். அங்கே தாய்மார் ஒரு பொலித்தீன் பையை எடுத்து வருவார்கள். செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் துண்டு, 2013இல் நியமித்த ஜனாதிபதி ஆணைக்குழுவின் அழைப்பு, காணாமற்போனோர் அலுவலகத்தின் கடிதம், மடிப்பில் கிழிந்த பத்திரிகை நறுக்கு, மகனின் அடையாள அட்டைப் பிரதி. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விசாரணை. ஒவ்வொரு விசாரணையிலும் போர் முடிவில் வட்டுவாகலில் பிள்ளையை இராணுவத்திடம் கையளித்த கதையை முதலிலிருந்து சொல்லியிருப்பார்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டத்தில் உட்கார்ந்த பெற்றோர் பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். உம்மையும் அந்த வரிசையில் வந்த இன்னொரு அதிகாரி என்றே நினைப்பார்கள். ஆகவே இருந்ததும் இருக்காததுமாக, பையைத் திறக்க முன்னமே சொல்லும்: "அம்மா, உங்கட பிள்ளையைத் தேடித் தர என்னால ஏலாது. நான் சுகாதார ஆய்வுக்கு வந்தனான்." அதற்குப் பிறகு அவர் கதைக்க விரும்பாவிட்டால் கும்பிட்டுவிட்டு எழும்பும். செத்துவிட்டாரா, உயிரோடிருக்கிறாரா என்று படிவத்தில் கட்டம் போடாதேயும். இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யும்படி அந்தத் தாயைக் கேட்க எந்த ஆய்வுக்கும் உரிமையில்லை.

சம்மதப் படிவத்துக்குக் கையெழுத்து வாங்குவதையும் மறுபடி யோசியும். பதிவு பதிவென்று பயத்தோடு கையெழுத்து வைத்த சனம் அது. வாய்ச் சம்மதம் போதும் என்று நெறிமுறைக் குழுவிடம் வாதாடி அனுமதி எடும். கிராம சேவகரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போகாதேயும். அவர் முன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடும் என்றும் நம்பாதேயும். ஊரின் பெயர், பிள்ளைகளின் எண்ணிக்கை, கணவனைக் கையளித்த இடம் இந்த மூன்றும் கட்டுரையில் இருந்தால், அந்த ஊரில் யார் வாசித்தாலும் வீட்டைக் காட்டுவார்கள்.

கேள்வி கேட்கப்போகும் உள்ளூர்ப் பிள்ளைகளும் போரின் கடைசி நாட்களில் அதே சனத்தோடு கடற்கரையால் நடந்து வந்தவர்கள். பகலெல்லாம் அடுத்தவரின் கதையைக் கேட்டுவிட்டு இரவில் தங்கள் கதையோடு படுப்பார்கள். ஒருநாளைக்கு இத்தனை வீடுதான் என்று கட்டுப்படுத்தும். மாலையில் அவர்களோடு இருந்து கதையும்.

கடைசியாக, பணக் கணக்கு. முடிவுகளை அந்த ஊர்களுக்கே கொண்டுபோய், மாதர் சங்கத்திலும் சனசமூக நிலையத்திலும் தமிழில் சொல்லுவதற்கான செலவு உம்முடைய திட்டத்தில் இல்லை. கடும் துயரத்தில் இருப்பவரை ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போகும் போக்குவரத்துச் செலவும் இல்லை. இரண்டையும் சேர்த்து எழுதும். நிதி தருபவர்கள் வெட்டச் சொன்னால் மாதிரியில் நூறு வீட்டைக் குறையும். இந்த இரண்டிலும் கை வைக்க விடாதேயும்.

அன்புடன்,
அக்கா