காசு கழிந்தது, கைக்கு வரவில்லை

எசல பெரஹரா நாட்களில் கண்டி தலதா வீதியில் ஏ.டி.எம். ஒன்றின் முன் வரிசை நீள்வது வழக்கம். ஒருவருடைய முறை வருகிறது. அட்டை வேறு வங்கியுடையது. இயந்திரம் உறுமி ஓய்கிறது, காசு வரவில்லை. ஆனால் பத்தாயிரம் ரூபா கழிந்ததாகக் குறுஞ்செய்தி மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. "பயப்படாதீங்க, காசு லைன்லதான் நிக்குது" என்று ஆறுதல் சொல்கிறார் பின்னால் நிற்பவர்.

லைனில் காசு நிற்பதேயில்லை. 2013இல் தொடங்கிய லங்கா பே பொது ஏ.டி.எம். வலையமைப்பு வழியே போவது ஒரு கேள்வி, வருவது ஒரு பதில். அட்டை தந்த வங்கி தன் தரவுத்தளத்தில் பற்று எழுதிவிட்டு, "கொடு" என்கிறது. அதன்பின் தாள் வெளியே வராவிட்டால், இயந்திரத்தின் பக்கமிருந்து "எழுதியதை மாற்று" என்று எதிர்ச்செய்தி போக வேண்டும். இணைப்பு அறுந்திருந்தால் அது காத்திருந்து பிறகு போகும். அதுவும் வழிதவறினால்? இயந்திரத்தில் எண்ணிய தாள்கள் கணக்கைவிடக் கூடுதலாக இருக்கும். வங்கிகள் பதிவேடுகளை ஒப்பிடும்போது அது காட்டிக்கொடுத்துவிடும். பாதியில் நின்றது காசு அல்ல: ஒரு பதிவேடு முடித்த வேலையை மற்றது இன்னும் முடிக்கவில்லை.

"ஒத்திசைவு என்றால் எல்லாக் கணினிகளும் நொடிக்கு நொடி ஒன்றுபோலவே இருக்கும்" என்பது படித்தவர்களிடமும் உள்ள நம்பிக்கை. உண்மையில் ஒரு மூலத் தரவுத்தளத்தின் நகல் சற்றுப் பின்தங்கலாம். மூலத்தளம் முழுதாக முடித்த பரிவர்த்தனையே அதில் தெரியும். மின்சாரம் போய் மூலத்தளம் நடுவில் விழுந்தால், எழுந்ததும் தன் குறிப்பேட்டைப் படித்து, முடியாததை அழித்துவிடும். இரண்டு வெவ்வேறு தரவுத்தளங்கள் சேர்ந்தே முடிக்க ஒரு முறை உண்டு: ஒருங்கிணைப்பவர் "தயாரா?" என்று இருவரிடமும் கேட்டு, இருவரும் ஆமென்றால் மட்டும் "முடி" என்பது. 1978இலேயே ஜிம் கிரே இதை விவரித்துவிட்டார். ஆனால் கேட்டவர் நடுவில் மௌனமானால் ஆமென்றவர்கள் அதற்காகப் பூட்டிவைத்த தரவை விடுவிக்க முடியாமல் கிடப்பார்கள். அதனால்தான் வங்கிகளுக்கிடையே பொதுவாக எதிர்ச்செய்தி வழியே நடைமுறையில் இருக்கிறது.

"திரும்ப அமத்தினா முதலாவது கேன்சல் ஆகிடும்" என்பதுதான் காசைத் தின்னும் நம்பிக்கை. இயந்திரமே மறுமுறை அனுப்பும் செய்தியில் பழைய பரிவர்த்தனை எண்ணே இருப்பதால் அது இரட்டிப்பாகாது. ஆள் மறுபடி அமத்தினால் அது புது எண், புதுப் பற்று.

ஆகவே மறுபடி அமத்தாதீர்கள். இடம், நேரம், தொகையைக் குறித்துக்கொண்டு, பற்றுச்சீட்டு வந்திருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, முறைப்பாட்டை உங்களுக்கு அட்டை தந்த வங்கியிடமே கொடுங்கள்.