எல்லையோர ஊர்களுக்கு ஏற்ற இரயில் வண்டி

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்துள்ளது உதியன்குளங்கரை. அமரவிளை, தனுவச்சபுரம் ஆகிய சிறு இரயில் நிலையங்கள் இதன் அருகே உள்ளன. நாள்தோறும் அலுவலகத்திற்கும் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் சென்று திரும்பும் இப்பகுதி மக்களுக்கு எத்தகைய வண்டி பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

பாதை வந்த வரலாறு

1931இல் திருவனந்தபுரம் தம்பானூரை எட்டிய இருப்புப்பாதை, மேலும் தெற்கே நீள 48 ஆண்டுகள் ஆயின. இதற்கிடையே, 1956 நவம்பர் 1 அன்று, நெய்யாற்றின்கரை கேரளத்திலும் அதனை அடுத்த விளவங்கோடு தமிழகத்திலும் அமைந்தன. எல்லை பிரித்ததேயன்றி மக்களின் போக்குவரத்து குறையவில்லை. 1979 ஏப்ரலில் கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 87 கிலோமீட்டர் அகலப் பாதை திறக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் உருவான திருவனந்தபுரம் கோட்டம், எல்லையின் இருபுறத்தையும் ஒரே நிர்வாகத்தின்கீழ்க் கொணர்ந்தது. 1981இல் நாகர்கோவில், திருநெல்வேலியுடன் இணைந்தது. நெடுந்தொலைவு வண்டிகள் பெருகின. அவற்றுடன் உள்ளூர் வண்டிகளும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

திருவனந்தபுரத்திற்கும் நாகர்கோவிலுக்கும் இடையே உள்ள 71 கிலோமீட்டரில், சராசரியாக ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் உள்ளது. இத்தகைய பாதையில் உச்ச வேகத்தைவிட, நின்ற வண்டி விரைந்து வேகம் பெறும் திறனே முக்கியமானது.

ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். ஒரு வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தை 100 விநாடியிலும், மற்றொன்று 40 விநாடியிலும் எட்டுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு நிறுத்தத்திற்குப் பின்னும் இரண்டாவது வண்டிக்கு 30 விநாடி மிச்சமாகும். 12 நிறுத்தங்களில் இது 6 நிமிடம் ஆகும்.

எஞ்சின் இழுக்கும் வண்டியில் இழுவிசை ஓரிடத்தில் மட்டும் உள்ளது. 1995இல் இந்தியாவில் அறிமுகமான மெமு என்னும் மின்தொடர் வண்டியிலோ, மோட்டார்கள் பெட்டிகளிலேயே பொருத்தப்பட்டுள்ளன. இருமுனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மாற்ற வேண்டியதில்லை. ஒரே வண்டி கூடுதல் நடைகள் செல்லலாம். கொல்லத்தில் இவற்றுக்கான பணிமனை உள்ளது. கொல்லம் – கன்னியாகுமரி தடத்தில் மெமு இயக்கப்பட்டும் வருகிறது. 2024இல் குஜராத்தில் தொடங்கிய குளிர்சாதன நமோ பாரத் வண்டி, அகமதாபாத்துக்கும் புஜ்ஜுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 360 கிலோமீட்டரைச் சில நிறுத்தங்களுடன் கடக்கிறது. சிற்றூர்தோறும் நிற்க வேண்டிய தடத்தின் தேவை அதனின்றும் வேறானது.

வண்டி மட்டும் போதுமா?

ஒற்றைப் பாதையில் எதிர்வரும் வண்டிக்கு வழிவிட ஒரு நிலையத்தில் 15 நிமிடம் காத்திருக்க நேர்ந்தால், மேற்கூறிய 6 நிமிட ஆதாயம் மறைந்துவிடும். ஆதலால், திருவனந்தபுரம் – கன்னியாகுமரி இரட்டைப் பாதைப் பணியும் வண்டித் தேர்வும் ஒன்றையொன்று சார்ந்தவை. பகுதி பகுதியாக நிறைவேறிவரும் இப்பணி முழுமை பெறும்போது கிடைக்கும் இடவசதி முழுவதும் நெடுந்தொலைவு வண்டிகளுக்கே சென்றுவிட்டால், உதியன்குளங்கரைப் பயணி மீண்டும் பேருந்தையே நாடுவார்.

எனவே, அலுவலக, கல்லூரி நேரங்களுக்குரிய வழித்தட இடத்தைக் கால அட்டவணையில் முன்னதாகவே ஒதுக்குதல் வேண்டும். சிறு நிலையத்தில் ஏறுபவர் உரிய நேரத்தில் பணிக்குச் சென்று, அன்று மாலையே வீடு திரும்ப இயல்வதே வட்டார இரயில் சேவையின் வெற்றிக்கு அளவுகோலாகும்.