ஒரு நாள் வேடம், 11 ஆண்டு வாழ்வு

1972-இல் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'மேஷ்' தொடர் ஆரம்பமானது. கொரியப் போர்முனைக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்து நடத்தப்படும் ராணுவ மருத்துவமனைதான் களம். முதல் சீசனில் ஒரே ஒரு எபிசோடுக்காக ஒரு சிப்பாயை எழுதினார்கள். பெயர் கிளிங்கர். பைத்தியம் என்று சொல்லி ஊருக்கு அனுப்பிவிட மாட்டார்களா என்ற ஆசையில், பெண் உடை உடுத்திக்கொண்டு பாரா நிற்பவன். ஜேமி ஃபார் நடித்த அந்தக் காட்சி எல்லோருக்கும் பிடித்துப்போக, அவரை மறுபடி அழைத்தார்கள். பிறகு 1983-இல் தொடர் முடியும்வரை கிளிங்கர் அந்த முகாமை விட்டுப் போகவில்லை.

நெடுந்தொடர்களின் பாத்திரங்கள் பற்றி நம் வீடுகளில் பேசிக்கொள்ளும் பல நம்பிக்கைகளை இந்த ஒரு தொடரை வைத்தே உரசிப் பார்க்கலாம். நான் மிகவும் நேசிக்கும் தொடர் இது.

"எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்ததுதான்"

நல்ல தொடர் என்றால் கடைசிக் காட்சிவரை எழுத்தாளர் தலையில் தயாராக இருந்திருக்கும் என்று நம்புகிறோம். இதற்கு 'பிரேக்கிங் பேட்' தொடரைச் சாட்சிக்கு அழைப்பார்கள். ஒரு சாதாரண வேதியியல் ஆசிரியரைக் கொடியவனாக மாற்றிக் காட்டுவது என்று அதை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தது உண்மை. ஆனால் போகும் பாதை அவருக்கு முழுக்கத் தெரிந்திருக்கவில்லை. ஐந்தாவது சீசன் தொடங்கும்போது, கார் டிக்கியில் ஓர் இயந்திரத் துப்பாக்கியைப் பார்க்கிறோம். அதை எழுதியபோது, அது யாரை நோக்கி வெடிக்கப்போகிறது என்று எழுத்தாளர்களே முடிவு செய்திருக்கவில்லை.

அதே தொடரில் அந்த ஆசிரியரின் கூட்டாளியாக வரும் ஜெஸ்ஸி, முதல் சீசனோடு சாக வேண்டியவன். 2007-08-இல் நடந்த எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் சீசன் 7 எபிசோடுகளோடு நின்றது, அதனால்தான் அவன் பிழைத்தான் என்று ஒரு கதை உலவுகிறது. அதுவும் சரியல்ல. ஜெஸ்ஸியாக நடித்த ஆரோன் பாலைப் பார்த்து, இரண்டாவது எபிசோடுக்குள்ளேயே தன் மனம் மாறிவிட்டதாகக் கில்லிகன் சொல்லியிருக்கிறார். எழுதியவர் எதிர்பார்க்காததை ஒரு நடிகர் கொண்டுவரும்போது, அதைக் கண்டுகொள்ளும் கண் வேண்டும். கிளிங்கர் தங்கியதும் அப்படித்தான்.

"நடிகர் போனால் பாத்திரமும் போச்சு"

'இனி இவருக்குப் பதில் இவர்' என்ற எழுத்தைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். 2023 செப்டம்பரில் நடிகர் மாரிமுத்து காலமானபோது, 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரன் இனி இல்லை என்றே பலர் நினைத்தோம். வேல ராமமூர்த்தி அந்த வேடத்தை ஏற்றார். பெயர் அதே, மிரட்டல் வேறு. அந்த வீட்டுப் பெண்களின் போராட்டம் தொடர்ந்தது.

'மேஷ்' எடுத்த வழி வேறு. அங்கே முகத்தை மாற்றவில்லை, ஆளையே மாற்றினார்கள். முகாமின் தளபதி ஹென்றி பிளேக்காக நடித்த மெக்லீன் ஸ்டீவன்சன் விலகியபோது, கதைப்படி ஹென்றிக்கு விடுதலை கிடைத்து ஊருக்குக் கிளம்புகிறார். 1975 மார்ச்சில் வந்த அந்த எபிசோடின் முடிவில், அவர் சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை என்ற செய்தி அறுவைக் கூடத்துக்கு வருகிறது. நாயகனாக நடித்த ஆலன் ஆல்டா தவிர மற்ற நடிகர்களுக்கு அந்தக் கடைசிப் பக்கத்தைப் படப்பிடிப்பு நேரம்வரை காட்டவே இல்லை. கோபக் கடிதங்கள் வந்து குவிந்தன.

அடுத்து வந்தவர் கர்னல் பாட்டர். ஹென்றிக்கு அதிகாரம் செலுத்தத் தெரியாது. பாட்டரோ முதல் உலகப் போரைப் பார்த்த, குதிரையை நேசிக்கும் பழைய பட்டாளத்துக்காரர். தலைவர் மாறியதும் மற்றவர்களின் குறும்பும் பயமும் மரியாதையும் இடம் மாறின. ஒரு பாத்திரம் மாற அதற்கு ஏதாவது நேர வேண்டும் என்பதில்லை, எதிரே நிற்பவர் மாறினாலே போதும். பாட்டராக நடித்த ஹாரி மார்கன் அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே தொடரில் புத்தி பேதலித்த ஒரு ஜெனரலாக வந்துபோயிருந்தார். பார்த்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"கேரக்டரையே கெடுத்துட்டாங்க"

தலைமை நர்ஸ் மார்கரெட் ஹூலிஹனைப் பற்றி இந்தப் புகார் உண்டு. முதல் சீசன்களில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது, ஆண்கள் அவள் உடலைக் குறித்து வைத்தது. விதிகளைப் பிடித்துத் தொங்குவது, மணமான டாக்டர் ஃப்ராங்க் பர்ன்ஸோடு ரகசிய உறவு, கூச்சல் என்று அவள் கேலிக்காகவே எழுதப்பட்டிருந்தாள். அவளுக்கு வளர இடம் கொடுங்கள் என்று நடிகை லொரெட்டா ஸ்விட் எழுத்தாளர்களிடம் விடாமல் வலியுறுத்தினார். 1976-இல் ஒரு எபிசோடில், தன் கீழ் வேலை செய்யும் நர்சுகளிடம் மார்கரெட் உடைந்து பேசுகிறாள். ஒருநாளாவது, ஒரு கப் காபிக்காவது, அவர்கள் தன்னைக் கூப்பிட்டதில்லை என்கிறாள். அன்றுவரை சிரித்துக்கொண்டிருந்த நமக்கு, அவள் எத்தனை நாள் தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

பிறகு கல்யாணம், மணமுறிவு. பட்டப்பெயர் மெல்ல மறைந்தது. அவளுடைய கண்டிப்பும் முன்கோபமும் அப்படியே இருந்தன, அவற்றுக்குப் பின்னால் ஒரு மனுஷி தெரிந்தாள். இதைக் கெடுத்தது என்று சொல்ல என்னால் முடியாது. இழப்பும் இல்லாமல் இல்லை. தொடரை உருவாக்கிய லாரி கெல்பார்ட் நான்கு சீசன்களோடு விலகினார், ஆல்டாவின் குரல் ஓங்கியது, பின்னாள் எபிசோடுகளில் சில பிரசங்கமாகவே ஆகிவிட்டன. முதல் மூன்று ஆண்டுகளின் சிரிப்பை நினைத்து ஏங்குபவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஆனால் மாறவே விடாமல் வைத்தால் என்ன ஆகும்? அதற்கு ஃப்ராங்க் பர்ன்ஸ் இருக்கிறான். 5 சீசன்களும் அதே கோழை, அதே கோள்மூட்டி, அதே அரைகுறை டாக்டர். மார்கரெட் வேறொருவரை மணந்ததும் அவனுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. லாரி லின்வில் நல்ல நடிகர். அந்த வேடத்தில் இனிப் போக இடமில்லை என்று 1977-இல் விலகினார். பதிலுக்கு வந்த சார்ல்ஸ் வின்செஸ்டர் பாஸ்டன் நகரத்துப் பணக்காரன், அகந்தை பிடித்தவன். ஆனால் கை தேர்ந்த அறுவை மருத்துவன், இசைப் பித்தன். கடைசி எபிசோடில், கைதிகளான சில சீன இசைக் கலைஞர்களுக்கு அவன் மொட்சார்ட்டின் ஒரு படைப்பைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறான். அவர்கள் கொல்லப்படுகிறார்கள். அதுவரை அவனுக்கு அடைக்கலமாக இருந்த இசை, அதற்குப் பிறகு கேட்கமுடியாத ஒன்றாகிவிடுகிறது. ஃப்ராங்க்கிடமிருந்து பறித்துக்கொள்ள எழுத்தாளர்கள் இப்படி எதையும் அவனுக்குக் கொடுத்திருக்கவில்லை.

"ஒரு விவரம் தவறினாலும் நம்பகம் போய்விடும்"

தவறத்தான் செய்தது. நாயகன் ஹாக்கைக்கு முதல் சீசனில் அம்மாவும் சகோதரியும் இருந்தார்கள், வீடு வெர்மான்டில். பின்னர் அவன் மெய்ன் மாநிலத்துக்காரனாகவும், சிறுவயதிலேயே தாயை இழந்த ஒற்றைப் பிள்ளையாகவும் ஆனான். 1950 ஜூன் முதல் 1953 ஜூலை வரை நடந்த போரைத் தொடர் 11 சீசன்களாக நீட்டியது. பார்த்தவர்கள் இவற்றை மன்னித்துவிட்டார்கள். ஹாக்கை ஒரு நாள் மனம் உடைந்தால், மறுவாரமும் அதன் தழும்பு அவன் முகத்தில் தெரிகிறதா என்பதைத்தான் அவர்கள் கவனித்தார்கள்.

கடைசி எபிசோடு 1983 பிப்ரவரி 28 அன்று ஒளிபரப்பானது. அமெரிக்காவில் 10 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். போர் நின்றுவிட்டது, எல்லோரும் மூட்டை கட்டுகிறார்கள். கிளிங்கர் பெண் உடைகளைக் கைவிட்டு, முகாம் அலுவலக வேலையை ஏற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. போரில் தொலைந்த பெற்றோரைத் தேடி அலையும் சூன்-லீ என்ற கொரியப் பெண்ணை அவன் விரும்புகிறான். அவர்களைக் கண்டுபிடிக்காமல் அவள் நாட்டை விட்டு வரமாட்டாள். ஊருக்குப் போவதற்காகவே ஒரு நாள் வேடமாக வந்தவன், அவளைக் கல்யாணம் செய்துகொண்டு கொரியாவிலேயே தங்கிவிடுகிறான்.