நீரோரத்து மேடுகளைக் காப்போம்

நீரை நோக்கி நீண்டு உயர்ந்து நிற்கும் நிலத்தை நிலமுனை என்பர். கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் பாறை நிலம் கடலுக்குள் நீண்டிருப்பதையும், அங்குக் கலங்கரை விளக்கம் அமைந்திருப்பதையும் அன்பர்கள் பலர் கண்டிருக்கலாம். கரையோரம் ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் தணிகிறது. அதனால் அலைகள் வளைந்து முனையின் மீதே மிகுதியாக மோதுகின்றன. இரு பக்கத்துக் குடாக்களிலும் அவற்றின் விசை குறைந்து மணல் தங்குகிறது. முனை அடியைத் தாங்குவதால் அண்டை நிலம் பிழைக்கிறது.

கடற்கரை இல்லாத விருதுநகர் மாவட்டத்திற்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். நம் ஆற்றோரங்களிலும் கண்மாய் ஓரங்களிலும் இத்தகைய மேடுகள் உண்டு. ஆனால் முட்டத்தில் இருப்பது பாறை; நம்மிடம் இருப்பதோ பெரும்பாலும் மண். ஆகையால் நமக்குக் கவனம் கூடுதலாக வேண்டும்.

வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றின் வடகரையில் ஒரு பழைய மேடு உள்ளது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022-ஆம் ஆண்டில் அங்கு அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்கள், மணிகள், சுடுமண் பொருட்கள், நுண்கற் கருவிகள் முதலியன கிடைத்தன. சாத்தூரை அடுத்த இருக்கன்குடியிலும், வைப்பாற்றுக்கும் அர்ச்சுனா நதிக்கும் இடைப்பட்ட நிலத்திலேயே மாரியம்மன் கோயில் அமைந்திருக்கிறது. நீர் அருகில் இருக்க வேண்டும், வெள்ளம் காலடியோடு போக வேண்டும். இவ்விரண்டும் பொருந்திய இடம் மேடே.

இத்தகைய மேடு எவ்வாறு அழிகிறது? கோடையில் கரிசல் மண் வெடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைநீர் அவ்வெடிப்புகளில் இறங்கி மண்ணின் பாரத்தைக் கூட்டுகிறது. ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரையின் அடியை வெள்ளம் அரிக்கிறது. வெள்ளம் விரைந்து வடியும்போது, நனைந்த கரைக்கு நீரின் தாங்கல் போய்விடுகிறது. அப்பொழுது கரை பாளம் பாளமாகச் சரிகிறது. வெள்ளம் வடிந்துவிட்டதென்று கரை விளிம்பில் நிற்பதும் மாடு கட்டுவதும் ஆபத்து.

ஆற்றின் அரிப்பு பல்லாண்டுகளில் செய்வதை மண்வெட்டியும் இயந்திரமும் ஒரு வாரத்தில் செய்துவிடும். “ஆறு வறண்டுதானே கிடக்கிறது” என்று மேட்டின் அடியில் மண் எடுப்போர் உளர். அடி போனால் மேல் நில்லாது. அதன்மேல் உள்ள உழவரின் புஞ்சையும் ஆற்றோடு போகும்.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை:

1. மேட்டின் அடியிலும் சரிவிலும் மண், மணல் எடுக்கலாகாது எனக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுக.

2. மேலிருந்து வரும் மழைநீர் சரிவில் நேரே பாயாதவாறு, வரப்பிட்டுத் தக்க வடிகால் வழியே இறக்குக.

3. சரிவில் வெட்டிவேர் நடுக. விளிம்பிலிருந்து விலகிப் பனை விதை ஊன்றுக. தொல்பொருள் உள்ள மேடுகளில் தொல்லியல் துறையின் இசைவின்றி எதையும் தோண்ட வேண்டா.

4. பழம்பொருள் தென்பட்டால் அதனை அவ்விடத்திலேயே விட்டு, கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ அறிவிக்க.

சரிந்த கரையை ஓரளவு கட்டலாம். ஆனால் பல நூற்றாண்டு வாழ்வைத் தாங்கிய மேடு ஒன்று கரைந்துபோனால், எத்திட்டத்தாலும் அதனை மீண்டும் எழுப்ப இயலாது. வரும் மழைக்கு முன் ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லையில் உள்ள நீரோரத்து மேடுகளைப் பார்வையிட்டுப் பட்டியல் எழுதுவது நன்று.