மலையேறப் போகும் மகளுக்கு

திருவையாறு
சித்திரை 22

அன்புள்ள தேன்மொழிக்கு,

பெரியப்பாவின் ஆசிகள். மே கடைசியில் தோழிகள் மூவரோடு உத்தராகண்டில் சீக்கியர் குருத்வாரா இருக்கும் ஹேம்குண்ட் ஏரிக்குப் போவதாக எழுதியிருந்தாய். “மாமா, நீங்களாவது அவளைத் தடுங்க” என்று உன் அம்மா போன் செய்தாள். நான் தடுக்கப்போவதில்லை. ராணுவத்தில் இருந்தபோது ஜோஷிமட் பக்கம் வேலை பார்த்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன், பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை, ஏறத் தொடங்குமுன்பே முடிவுசெய்துவிட்டுப் போ. இந்தக் கடிதத்தின் சாரம் அதுதான்.

முதலில் உயரம். தஞ்சாவூர் கடல்மட்டத்துக்கு மேல் 100 மீட்டர்கூட இல்லை. மலை என்று பெயர் வாங்கிய நம் சுவாமிமலையே 60 படி ஏறும் கட்டுமலைதான். ஹேம்குண்டோ ஏறத்தாழ 4,300 மீட்டர். கோவிந்த்காட்டிலிருந்து புல்னா வரை ஜீப் போகும். பிறகு லட்சுமண கங்கையை ஒட்டி, தேவதாருவும் பூர்ஜ மரமும் நிற்கும் காட்டு வழியே நடந்தால், சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் காங்கரியா. அங்கே இரண்டு இரவு தங்கு. பக்கத்திலிருக்கும் பூக்களின் பள்ளத்தாக்கை ஜூன் 1-ல்தான் திறப்பார்கள் என்பதால், நடுவில் வரும் நாளில் ஊரைச் சுற்றி நட, நிறையத் தண்ணீர் குடி, உடம்பைப் பழக்கு. பயணச் செலவில் ஒரு நாள் மிச்சம் பிடிக்கிறேன் என்று இதை வெட்டிவிடாதே.

காங்கரியாவிலிருந்து ஏரிக்கு 6 கிலோமீட்டர்தான். அதற்குள் 1,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். விடிவதற்குள் கிளம்பிவிடு. நண்பகல் 12 மணிக்கு எங்கே நின்றாலும், ஏரி கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், திரும்பி இறங்கு. மேலே இரவு தங்க இடம் கிடையாது. பிற்பகலில் யாத்திரிகர்களை இறங்கச் சொல்லிவிடுவார்கள்.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பாய். ஒவ்வோர் ஆண்டும் நடை திறக்குமுன் ராணுவத்தினர் பனியை வெட்டித்தான் பாதை போடுகிறார்கள். அந்தப் பனி இரவில் கல்லாய் இறுகும், வெயில் ஏற ஏற இளகும். காலையில் தாங்கிய இடம் மதியம் முழங்கால்வரை இழுக்கும். பனிக்கடியில் ஓடும் ஓடைகளோ கூரையை உள்ளிருந்தே கரைத்துக்கொண்டிருக்கும். நண்டு வளை குடைந்த வாய்க்கால் கரை நினைவிருக்கிறதா? மேலே புல் பசேலென்று இருக்கும், கால் வைத்தால் உள்வாங்கும். அதனால் வெட்டிய பாதையை விட்டுக் குறுக்குவழியில் ஓர் அடிகூட வைக்காதே. மதியத்துக்குமேல் மேகம் கூடுவதும் அங்கே வழக்கம்.

நமக்கு அக்கினி நட்சத்திரம் என்பதால் அங்கேயும் கோடை என்று நினைத்துவிடாதே. 2024 ஜூன் தொடக்கத்தில், அதே உத்தராகண்டில் சஹஸ்த்ர தால் ஏரிக்குப் போன 22 பேர் குழு பனிப்புயலில் சிக்கியது. பெரும்பாலோர் கர்நாடகத்துக்காரர்கள், வழிகாட்டிகளும் உடன் இருந்தார்கள். 9 பேர் குளிரில் உயிரிழந்தார்கள். உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அந்த மாதத்தில் அந்த உயரத்தில் வானம் அப்படியும் மாறும் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடிகாரத்தையும் மீறிய விதி ஒன்று உண்டு. தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, இரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும். தனியாக அனுப்பாதீர்கள், ஒருத்தி கூடவே போக வேண்டும். உயரத்தால் வரும் நோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரிடம் கேட்காமல் போடாதே. சல்ஃபா மருந்து ஒவ்வாது என்றால் அதையும் அவரிடம் சொல்.

உடுப்பில் நம் பருத்தி அங்கே உதவாது. நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் எடுத்துவிடும். கம்பளி, மழைக்கோட்டு, ஊன்ற ஒரு தடி, பனியில் பட்டுத் தெறிக்கும் வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி, இவை கட்டாயம். புது ஷூவை அங்கே போய்ப் பழக்காதே. இன்றே மாட்டிக்கொண்டு, முதுகில் பையோடு திருச்சி மலைக்கோட்டையை வாரம் இரண்டு முறை ஏறி இறங்கு. இறங்கும்போதுதான் முழங்கால் உன்னைச் சோதிக்கும். பெரியம்மா பொரிவிளங்காய் உருண்டை பிடித்துத் தருகிறாள். குளிரில் பசி தெரியாது, நேரம் பார்த்துச் சாப்பிடு.

நாலு பேரில் ஒருத்தி “இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்பாள். மூச்சு முட்டும் உயரத்தில் நியாயம் பேசி யாரும் தெளிந்ததில்லை. அதனால் காங்கரியாவில் முந்தின இரவே திரும்பும் நேரத்தை ஒரு தாளில் எழுதி, நால்வரும் கையெழுத்துப் போடுங்கள். யார் ஒருத்தி திரும்பலாம் என்றாலும் மற்ற மூவரும் திரும்ப வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு ஏறு.

உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா