திடப்பொருளில் ஹைட்ரஜன்: சிறு சேர்க்கையின் பெரும் பங்கு

ஹைட்ரஜனை மின்கலத்தில் பயன்படுத்தினால் மிஞ்சுவது நீர் மட்டுமே, கரிப்புகை இல்லை. ஒரு கிலோகிராம் ஹைட்ரஜனில் அடங்கிய ஆற்றல், அதே எடையுள்ள பெட்ரோலில் இருப்பதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இத்தனை சிறப்பு இருந்தும் அது எளிதில் வீதிக்கு வராததற்கு முக்கியமான ஒரு காரணம், அதைச் சேமிப்பதில் உள்ள சிரமம். கார்களில் அதை 700 பார் அழுத்தத்தில் அடைக்கிறார்கள். திரவமாக்க வேண்டுமெனில் பூஜ்யத்திற்குக் கீழே 253 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும்.

மூன்றாவது வழி, திடப்பொருளுக்குள் அதைப் பிணைத்து வைப்பது. சோடியம் அலனேட் என்னும் வெண்ணிறத் தூள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சோடியம், அலுமினியம், ஹைட்ரஜன் ஆகிய மூன்றும் சேர்ந்த இப்பொருள், தன் எடையில் 5.6 விழுக்காடு ஹைட்ரஜனை இரு கட்டங்களாக வெளியிட வல்லது.

தடை எங்கே?

தூய சோடியம் அலனேட் சுமார் 180 பாகையில் உருகிய பிறகே ஹைட்ரஜனை விடத் தொடங்கும். அதுவும் மிக மெதுவாக. வெளியேறியதை மீண்டும் ஏற்றுவதோ நடைமுறைக்கு ஒவ்வாததாக இருந்தது. ஒருமுறை மட்டும் பயன்படும் கலத்தால் யாருக்கு என்ன லாபம்?

ஜெர்மனியின் முல்ஹைம் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிலக்கரி ஆய்வு நிலையத்தில் போரிஸ்லாவ் போக்டானோவிச், மான்ஃபிரெட் ஷ்விக்கார்டி இருவரும் இத்தூளுடன் சிறிதளவு டைட்டானியச் சேர்மத்தைக் கலந்தனர். 1997-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு துறையையே திருப்பிப் போட்டது. ஹைட்ரஜன் குறைந்த வெப்பத்தில், உருகுமுன்பே வெளியேறியது; அழுத்தத்தில் மீண்டும் உள்ளே ஏறியது.

சேர்க்கை செய்வது என்ன?

மலைக்கு அப்பால் உள்ள ஊருக்குச் சிகரம் ஏறியும் போகலாம். கணவாய் வழியாகவும் போகலாம். ஊர் இருக்கும் உயரம் மாறுவதில்லை. ஏற வேண்டிய ஏற்றம்தான் குறைகிறது. வினையூக்கியின் வேலையும் இதுவே. ஹைட்ரஜனைப் பிரிக்கத் தேவையான அடிப்படை வெப்பத்தை அது குறைப்பதில்லை. இடைத்தடையைத் தணித்து வேகத்தைக் கூட்டுகிறது.

அளவு மீறினால்

அப்படியானால் நிறையச் சேர்க்கலாமே எனத் தோன்றும். டைட்டானியம் குளோரைடு சேர்த்தால், அதிலுள்ள மூன்று குளோரின் அணுக்களும் மூன்று சோடியம் அணுக்களைப் பிடித்து, நம் சமையலறை உப்பாக மாறிவிடும். உப்பு ஹைட்ரஜனைத் தாங்காது, வெறும் சுமை. ஆகவே நூறு பங்கு அலனேட்டுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு டைட்டானியம் என்ற அளவிலேயே பெரும்பாலும் சோதித்துள்ளனர். வேகம் கூடினால் கொள்ளளவு குறையும். இரண்டுக்கும் நடுவே அளவறிந்து நிற்பதே இக்கலை.

இத்தூள் நீர் பட்டால் சீறித் தீப்பற்றக் கூடியது. காற்றுப் படாமல் கையாள வேண்டும். நிரப்பும்போது எழும் வெப்பத்தையும் வெளியேற்றியாக வேண்டும். இவற்றுக்கு விடை காணும் பணி எஞ்சியிருக்கிறது. வேதியியல் பயிலும் நம் பிள்ளைகள் இத்துறையையும் எண்ணிப் பார்க்கலாம்.